கணக்கு சொல்லிக்கொடுத்த ஆமை

விளையாட்டு வழியாகப் படிப்பது என்றதும் இப்போது எல்லாரும் கைபேசியைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அந்த வரலாறு கணினிக்கு வெகுகாலம் முந்தியது. ஊர்ச் சாவடியிலும் கோயில் கல்தளத்திலும் கீறி வைத்திருக்கும் ஆடுபுலிக் கட்டங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் சேர்ந்து புலியை நகர விடாமல் அடைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கள்கூட நாலு நகர்வுக்கு அப்பால் என்ன நடக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். வீட்டுத் திண்ணையில் பெண்கள் பல்லாங்குழி ஆடுவார்கள். 14 குழி, கை நிறையப் புளியமுத்து. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்பதைக் கண்ணாலேயே எண்ணிவிடுவார்கள். அதைக் கணக்குப் பாடம் என்று யாரும் சொன்னதில்லை.

முப்பது ஆண்டுக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கின் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். திண்ணையில் அவ்வளவு வேகமாக எண்ணுகிற பிள்ளை வகுப்பில் எழுந்து நின்றால் ஏன் வாயடைத்துப் போகிறது என்ற கேள்வி எனக்கு வெகுநாள் இருந்தது. திண்ணையில் தோற்றால் அடுத்த ஆட்டம் உண்டு. வகுப்பில் தப்பாகச் சொன்னால் சிரிப்பும் குட்டும்தான் மிச்சம்.

உலகத்தின் இன்னொரு பக்கத்தில் இதே கேள்வியோடு சிலர் கணினியைத் தொட்டிருக்கிறார்கள். 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் முதலானோர் பிள்ளைகளுக்கென்றே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பிறகு அதில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. ‘முன்னே போ, வலப்பக்கம் திரும்பு’ என்று பிள்ளை கட்டளையிட்டால் ஆமை நகர்ந்து கோடு போடும். கணினி பிள்ளையை ஆட்டிவைக்கக் கூடாது, பிள்ளைதான் கணினியை ஆட்டிவைக்க வேண்டும் என்பது பேப்பர்ட்டின் கொள்கை. 1971-இல் மினியாபொலிஸ் நகரில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள் ஒரு வரலாற்று வகுப்புக்காக ‘ஆரிகன் டிரெயில்’ என்ற விளையாட்டை எழுதினார்கள். மாட்டு வண்டி கட்டி மேற்கே குடிபெயர்ந்த மக்களின் பயணம்தான் கதை. அப்போது அதற்குத் திரைகூடக் கிடையாது. தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்று காகிதத்தில் அடித்துக் காட்டும்; பிள்ளைகள் அதற்கே கூட்டம் கூடி நின்றார்கள்.

நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கணினி வந்தது 1984-85-இல், ‘கிளாஸ்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தில். சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற இங்கிலாந்துக் கணினி கொடுத்தார்கள். நினைவகம் வெறும் 32 கிலோபைட். கூடவே வந்த பாட மென்பொருள்களில் பல இங்கிலாந்துப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை. தேனி அப்போது தனி மாவட்டம் இல்லை, மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடி. நாங்கள் அந்தக் கணினியைச் செய்தித்தாளில் பார்த்ததோடு சரி. தேனி மாவட்டத்துக்கான அரசாணை வந்ததே 1996-இல்தான். அதை ஒட்டிய ஆண்டுகளில் கம்பம், சின்னமனூர், போடி என்று ஊர் ஊராகக் கணினிப் பயிற்சி மையங்களின் பெயர்ப்பலகை முளைத்தது. அங்கே சொல்லிக்கொடுத்தது தட்டச்சும் சான்றிதழும், விளையாட்டுக்கு இடமில்லை.

2000-க்குப் பிறகு நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கும் நாலு கணினி வந்தது. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்று அறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். மேல்நிலை வகுப்புக்கு ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸும் பாடம். மற்ற வகுப்புகளுக்கு ஒன்றுமில்லை. தலைமையாசிரியரிடம் சனிக்கிழமை சாவியைக் கேட்டு வாங்கி, எம்.எஸ்.டபிள்யூ. லோகோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்தேன்.

சதுரம் எளிதாக வந்துவிட்டது. 100 அடி முன்னே போ, 90 பாகை திரும்பு. இதையே நாலு தடவை. அடுத்து சமபக்க முக்கோணம். ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று புத்தகத்தில் படித்திருந்தார்கள். அதனால் 60 திரும்பச் சொன்னார்கள். மூன்று கோடு போட்ட பிறகும் முக்கோணம் மூடவில்லை. வாய் திறந்த கிண்ணம் மாதிரி நின்றது. ஒரு பையன் விடாமல் அதையே தட்டிக்கொண்டிருந்தான். ஆறாவது கோட்டில் உருவம் மூடிக்கொண்டது. அறுகோணம்! ‘சார், தேன்கூடு!’ என்று கத்தினான்.

அன்று விடை சொன்னது வகுப்பில் எதற்கும் வாய் திறக்காத ஒரு பெண் பிள்ளை. திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற வீடு. எழுந்து, தரையில் கோடு இருப்பதாக நினைத்து நடந்து பார்த்தாள். மூலையில் நின்று திரும்பினாள். ‘சார், நாம படிச்சது உள்பக்கக் கோணம். ஆமை வெளிப்பக்கமா திரும்புது. 180-ல 60 போனா 120 சார்’ என்றாள். 120 கொடுத்ததும் முக்கோணம் மூடியது. பிறகு அவளே 360-ஐ மூன்றால் வகுத்தாலும் 120, நாலால் வகுத்தால் 90, ஆறால் வகுத்தால் 60 என்று எழுதிக் காட்டினாள். புறக்கோணங்களின் கூடுதல் 360 என்பதை நான் எத்தனையோ ஆண்டு கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அது ஒரு பிள்ளையின் காலில் ஏறியதை அன்றுதான் பார்த்தேன்.

இதில் கணினியின் பங்கு என்ன என்று யோசித்துப் பார்த்தால், அது சிரிக்கவில்லை என்பதுதான். தப்பான கட்டளைக்கும் ஒரு படம் போட்டுக் காட்டியது. அந்தத் தப்பிலிருந்தே அறுகோணம் கிடைத்தது.

ஆனாலும் கணினி வந்தால் மட்டும் போதாது என்பதும் அந்த அறையில்தான் தெரிந்தது. ஒரு கணினிக்கு ஐந்தாறு பேர். மவுஸ் எப்போதும் பையன்கள் கையில். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். கடிகாரம் பார்த்து ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்கே இடம் கிடைத்தது.

கணினி இல்லாமலே இதைச் செய்யலாம் என்று காட்டியது செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. அட்டைகள், ஏணிப்படி, பிள்ளையின் உயரத்துக்குக் கீழிறக்கிய கரும்பலகை. அவரவர் வேகத்தில் படியேறலாம். பரமபத ஏணிதான், பாம்பு மட்டும் கிடையாது.

2011 செப்டம்பரில் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் மேல்நிலைப் பிள்ளைகள் வீட்டுக்கே கணினி போய்ச் சேர்ந்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். 2000-இல் பிரான்சு நாட்டில் தொடங்கியது அது. பெயரே ‘எனக்குப் புரிந்துவிட்டது’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சிலேடை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் போட்டுக் கொடுத்தேன். அக்காள் மடிக்கணினியில் தம்பி தங்கைகள் எண்ணும் எழுத்தும் விளையாடினார்கள், மின்வெட்டு விட்டுவைத்த நேரத்தில். பல வீடுகளில் அதே மடிக்கணினி சினிமாப் பார்க்கப் பயன்பட்டது. கொடுத்தது பெரிய காரியம்தான். உள்ளே என்னவெல்லாம் செய்யலாம் என்று கூட உட்கார்ந்து காட்ட ஆள் இல்லை.

இப்போதைய கைபேசிச் செயலிகளில் பல, வாய்ப்பாட்டைக் கேட்டு, சரியென்றால் நட்சத்திரம் கொட்டுகின்றன. அது பழைய ஒப்பித்தலுக்குப் பூசிய சர்க்கரை. தப்பினால் என்ன ஆகும் என்று பார்க்கவிடாத எதையும் நான் விளையாட்டு என்று சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைக்குச் செயலி தேடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று மென்பொருள் வேலையில் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஆரிகன் பயணம் என்றால் நமக்குப் பெரியாறு அணை இருக்கிறது. 1887-இல் வேலை தொடங்கி 1895-இல் முடிந்தது. காட்டாற்று வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போனது, மலேரியா ஆட்களைக் கொன்றது. மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். பென்னிகுயிக் படத்தை வீட்டில் மாட்டியிருக்கிற இந்தப் பள்ளத்தாக்கில், அந்த அணையை ஒரு பிள்ளை தானே திரையில் கட்டிப் பார்க்கிற மாதிரி தமிழில் ஒரு விளையாட்டு செய்யுங்கள். வெள்ளம் வந்து அணை போகட்டும். எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை ஆள், எந்த மாதத்தில் தொடங்கலாம் என்று அந்தப் பிள்ளை மறுபடி கணக்குப் போடட்டும்.