விரிவுரையும் முனாளராவும்

பாடத்தைத் தெளிவாக விரித்துரைத்துவிட்டால் அது மாணவர் உள்ளத்தில் பதிந்துவிடும் என்பது ஆசிரியர் உலகின் நெடுநாள் நம்பிக்கை. இயற்பியல் துறையில் இந்நம்பிக்கையை அளந்து பார்த்தோருள் ஒருவர் லெபனானைச் சேர்ந்த இப்ராஹீம் ஹல்லூன் என்பதை நம்மில் பலர் அறியார்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹெஸ்டினஸ் என்பாருடன் இணைந்து அவர் 1985ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். விசை, இயக்கம் ஆகியன பற்றி மாணவர்கள் வகுப்புக்கு வருமுன்பே கொண்டிருந்த பிழையான எண்ணங்கள், பருவம் முழுவதும் விரிவுரை கேட்ட பின்பும் பெரிதும் மாறவில்லை என்பது அதன் முடிவு. விரிவுரையாற்றிய பேராசிரியர் நால்வர். அவர்தம் கற்பிக்கும் பாங்கு வெவ்வேறு. பயனோ ஏறத்தாழ ஒன்றே. நகரும் பொருளின்மீது அது நகரும் திசையில் ஒரு விசை இருந்தே ஆகவேண்டும் என்று எண்ணி வந்த மாணவன், நியூட்டனின் விதியை ஒப்பித்த பின்னரும் அவ்வாறே எண்ணினான்.

இதனைப் படித்த ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மஸூர், தம் மாணவரையும் சோதித்துத் திகைத்தார். 1991 முதல் விரிவுரையை இடையிடையே நிறுத்திக் கருத்து வினா ஒன்றை எழுப்பலானார். ஒவ்வொருவரும் தனியே விடை தேர்ந்தபின், அருகிலிருப்பவரோடு வாதிட்டு மீண்டும் விடையளித்தனர். 1998இல் ரிச்சர்டு ஹேக் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவரின் மதிப்பெண்களை ஒப்பிட்டார். எட்டியிருக்கக்கூடிய முன்னேற்றத்தில் விரிவுரை வகுப்புகள் சராசரியாக 23 விழுக்காட்டையும், மாணவர் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகள் 48 விழுக்காட்டையும் எட்டியிருந்தன. அந்நாட்டில் புதிதாகப் பணியேற்ற இயற்பியல் ஆசிரியர்களுக்கென 1996இல் தொடங்கிய பயிலரங்குகள் இத்தகைய முறைகளைப் பரப்பின.

அரபுக் கல்லூரியில் ஓதியவர்களுக்கு இம்முறை அந்நியமன்று. 'ஹிதாயா' ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் ஸர்னூஜீ (ரஹ்), தம் 'தஅலீமுல் முதஅல்லிம்' நூலில், திரும்பத் திரும்ப ஓதுவதைவிட ஒருவரோடொருவர் வினவி ஆராயும் முதாகரா, முனாளரா ஆகியவற்றுக்கு உயரிடம் அளித்தார். எதிரியை வீழ்த்தும் நோக்கில் வாதிடுவதை விலக்கினார்.

ஆயினும், 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' எனப் பெருமிதம் கொண்டு அமைவது நேர்மையன்று. ஸர்னூஜீ (ரஹ்) வழங்கியது அனுபவத்தில் விளைந்த அறிவுரை. ஹல்லூன் எடுத்தது கற்பிக்குமுன் ஒருமுறையும் கற்பித்தபின் ஒருமுறையும் அளந்த கணக்கு. கிதாபை ஓதி முடித்ததையே விளங்கியதற்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடமும் உண்டு. 'ஃபாஇல்' ரஃப்வு பெறும் என ஒப்பிக்கும் மாணவன், ஹரகத் இடப்படாத வரியொன்றில் தடுமாறுவதை உஸ்தாதுகள் அறிவர். அத்தகைய பத்து வரிகளை ஒரே தாளில் எழுதி, ஆண்டின் தொடக்கத்தில் ஒருமுறையும் இறுதியில் ஒருமுறையும் வாசிக்கச் செய்ய அரை மணி நேரம் போதும்.