குடியமர இடந்தேர்ந்த வரலாறு

திருச்சிற்றம்பலம்

கோயில் இல்லாத ஊரிலே குடியிருத்தல் ஆகாது என்பது தமிழ்மக்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் கொள்கை. இதனைக் கேட்போர் பலரும், வழிபாட்டிற்கு வாய்ப்பில்லாத ஊர் வாழ்வதற்கு உரியதன்று என்னும் அளவிலே பொருள்கொண்டு அமைவர். அப்பொருள் மெய்யே. ஆயினும் அதனுள் மற்றொரு பொருளும் அடங்கிக் கிடக்கின்றது. நம் முன்னோர் கோயில் எழுப்புதற்கு எவ்விடத்தைத் தேர்ந்தனர், அதனை எவ்வாறு ஆராய்ந்தனர் என்று காணப்புகின், மக்கள் குடியமர்தற்கு ஏற்ற இடம் யாது என்பதும் உடன் விளங்கும். தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சான்றாகக் கொண்டு இப்பொருளைச் சிறிது ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். இம்மலரைப் படிக்கும் அன்பர்களுட் பலர் இப்பகுதியில் வீடு கட்டி வாழ்பவர். சிலர் இனிக் கட்ட எண்ணியிருப்பவர். இருசாரார்க்கும் இது பயன்படும் என்று நம்புகின்றேன்.

ஆகமங்களும் மயமதம் முதலிய சிற்பநூல்களும் கட்டடத்தைக் கூறத் தொடங்குமுன் நிலத்தைக் கூறும். வடக்கு நோக்கியோ கிழக்கு நோக்கியோ சரிந்த நிலமே சிறந்தது என்பது அவற்றின் துணிபு. அடுத்து, ஒரு முழ அளவிற் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் அதனுள் இடுமாறு விதிக்கும். மண் மிகுந்தால் நிலம் உத்தமம், சமமாக நிரம்பினால் மத்திமம், போதாதாயின் அதமம். அக்குழியில் நீரை நிரப்பி, அது விரைந்து வற்றுகின்றதோ நிலைநிற்கின்றதோ என்று பார்த்தலும் உண்டு. இவற்றை வெறுஞ் சடங்கென்று எண்ணற்க. இறுகிய நிலத்தின் மண்ணே தோண்டி இட்டால் மிகும்; பொருபொருத்த நிலத்தின் மண் குறையும். சுவர் தாங்கும் நிலம் எது, நீர் தேங்கும் நிலம் எது என்பதைக் கருவியொன்றும் இன்றிக் கண்டறியும் வழி இது. அடியேன் மடத்திலே பாடங் கேட்ட நாளில், பூபரீட்சை என்னும் இப்பகுதியை ஆசிரியர் விரைந்து கடத்தலை ஒருபோதும் ஒப்பார். நிலம் தவறினால் விமானம் எவ்வளவு உயர்ந்தும் பயனில்லை என்பது அவர்தம் கருத்து.

இனித் தாம்பரத்தின் நிலத்தைக் காண்போம். தொண்டைநாடு வற்றாத ஆறுகள் மிகுந்த நாடன்று. ஆதலின் பெய்யும் மழையை ஏரிகளிலே தேக்கி வாழ்ந்தனர். செங்கற்பட்டுப் பகுதி ஏரிகளின் நாடு எனப் பெயர்பெற்றமைக்கு இதுவே காரணம். இப்பகுதியின் ஆறு அடையாறு. ஆதனூர்ப் பக்கத்து ஏரிநீரிலிருந்து தோன்றி, மண்ணிவாக்கம், வரதராசபுரம், முடிச்சூர் ஆகிய ஊர்களை ஒட்டி வந்து, திருநீர்மலைக்கருகே செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீரையும் ஏற்று, அனகாபுத்தூரைக் கடந்து, சைதாப்பேட்டை வழியே கடலிற் கலப்பது. ஏறத்தாழ 42 கிலோமீட்டரே நீளமுடைய சிற்றாறு அது. கோடையிற் பார்த்தவர்க்கு ஆறென்றே தோன்றாது.

தாம்பரமும் பல்லாவரமும் குன்றுகளை அடுத்துக் கிடக்கும் மேட்டுநிலத்தின் பகுதிகள். இம்மேட்டிற்கு மேற்கே வீழ்ந்த மழை அடையாற்றை நாடும். கிழக்கே வீழ்ந்த மழை சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் முதலிய ஏரிகளை நிரப்பி, ஒன்றன் மிகைநீர் மற்றொன்றிற்குச் செல்லப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். இவ்விரு நீர்வழிகளையும் அறியாதவர் தாம்பரத்தை அறியாதவரே ஆவர்.

இம்மேட்டை மக்கள் தேர்ந்தது நேற்றன்று. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூலறிஞர் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் பழைய கற்காலத்துக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சி தொடங்கிய இடம் அதுவே. பின்னர்ப் பல்லவர் காலத்தில் மகேந்திரவர்மன் அவ்வூர்க் குன்றிலே குடைவரை அமைத்தான். பல்லவபுரம் என்னும் பெயரே பல்லாவரம் என மருவிற்று. நான்கு குன்றுகளுக்கு இடையே அமைந்த திரிசூலம் சோழர் கல்வெட்டுக்களில் திருச்சுரம் என வழங்கும். மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் ஆலயம் யானை படுத்தாற் போன்ற தூங்கானை மாட விமானத்தோடு சோழர் காலம் முதலாக விளங்குவது. அருணகிரிநாதர் திருப்புகழ் பெற்றது. அவ்வூர்க்குக் கோயில் எவ்வளவு பழையதோ, ஏரியும் அவ்வளவு இன்றியமையாதது.

வைணவ அன்பர்கள் போற்றும் திருநீர்மலையின் வரலாறு நம் பொருளுக்கு மிகவும் இயைந்தது. திருமங்கையாழ்வார் அத்தலத்திற்கு எழுந்தருளியபோது மலையைச் சுற்றிலும் நீர் அகழிபோலச் சூழ்ந்து நின்றமையால், நீர் வடியும் வரை ஆறு திங்கள் காத்திருந்து வழிபட்டார் என்பது தலவரலாறு. அதனாலே அதற்கு நீர்மலை என்று பெயராயிற்று என்பர். இதனை ஒரு கதையென்று ஒதுக்குவாரும் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அடையாறும் செம்பரம்பாக்கத்து நீரும் கூடும் இடத்தருகே உள்ள குன்றிற்கு, நீர் சூழும் இடம் இது என்பதனைப் பெயராகவே இட்டு எச்சரித்துச் சென்றனர் நம் பெரியோர்.

ஊர்ப்பெயர்கள் பலவும் இவ்வாறே பேசும். தாங்கல் என்பது சிறு ஏரியைக் குறிக்கும் சொல். ஏரி, குளம், மடு, ஓடை என்னும் சொற்கள் ஒட்டிய தெருப்பெயர்களை இன்றும் கேட்கின்றோம். பழைய ஊரின் அமைப்பு யாதெனின், மேடான நத்தத்தில் வீடுகள். அதனருகே கோயிலும் குளமும். ஏரிக்கரையின் கீழ் மதகு திறந்தால் நீர் பாயும் வயல். ஏரி நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடக் கலங்கல். அந்நீர் அடுத்த ஏரியைச் சேரக் கால்வாய். இவற்றுள் ஒன்றிலும் வீடு கட்டுவார் இலர். உத்தரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய முதற் பராந்தகன் கல்வெட்டுக்கள் ஏரிவாரியம் என்றொரு வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. நீரைக் காப்பதற்கென்றே ஊரார் உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தனர் என்றால், அஃது எத்துணைப் பெரிய கடமையாகக் கருதப்பட்டது என்பது புலனாகும்.

இனி நிகழ்காலத்தை அணுகிய வரலாறு. 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பார் காசநோயாளர்க்காகத் தாம்பரத்திலே மருத்துவ நிலையம் அமைத்தார். தூய காற்றும் மேட்டுநிலமும் வேண்டி அவர் இடந்தேர்ந்தார். இன்றும் அப்பகுதி சானடோரியம் என்றே வழங்குகின்றது. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. 1937ஆம் ஆண்டில் கிறித்தவக் கல்லூரி சென்னையின் நெருக்கத்தை விடுத்துத் தாம்பரத்துக் காட்டிடையே குடிபுகுந்தது. குரோம் தோல் தொழிற்சாலையால் குரோம்பேட்டை பெயர்பெற்றது. அலுவலகத்திற்கு இரயிலிற் சென்று மாலையிலே கிணற்றுநீரும் வேப்பநிழலும் உள்ள வீட்டிற்குத் திரும்பலாம் என்னும் விருப்பமே பல்லாயிரவரை இங்கே ஈர்த்தது. முதலில் வந்தவர் இரயில் நிலையத்தை ஒட்டிய மேட்டிலே மனை வாங்கினர். அடுத்து வந்தவர்க்கு மேடு கிடைத்திலது. வயல் மனையாயிற்று. வயல் போனபின் ஏரிநீர் வேண்டுவார் இலர்; வேண்டுவார் இல்லாத கால்வாயைத் தூர்வாருவாரும் இலர்; தூர்ந்த கால்வாய் வெற்றுநிலமாகத் தோன்றிற்று. வெற்றுநிலம் என்று கண்ட இடமெல்லாம் விலைக்கு வந்தது. 1964ஆம் ஆண்டில் நகராட்சியான தாம்பரம், 2021ஆம் ஆண்டில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர மாநகராட்சியாயிற்று. ஊர் வளர்ந்தது, நீர் செல்லும் வழி குறுகிற்று.

அதன் விளைவை 2015ஆம் ஆண்டில் கண்டோம். டிசம்பர் 1ஆம் நாள் காலைமுதல் மறுநாள் காலைவரை தாம்பரத்திற் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அத்துணை மழை எந்நகரையும் வருத்தும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வருத்தம் எங்கும் ஒருதன்மைத்தாக இல்லை. மேட்டிலிருந்தோர் முழங்கால் நீரில் நடந்தனர். முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் இருந்தோர் மாடியேறி நின்று படகிற்குக் காத்திருந்தனர். அடையாறு புதிதாக எவ்வழியையும் நாடவில்லை. தன் பழைய இடத்திலே படர்ந்தது. அங்கே நாம் இருந்தோம். அதன்பின் ஆற்றை அகலப்படுத்தியும் கால்வாய்கள் அமைத்தும் பணிகள் நடைபெற்றுள்ளன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் 2022ஆம் ஆண்டில் உலகளாவிய ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இவை மகிழ்தற்குரியன.

இங்கே ஒரு வினா எழும். மேட்டையும் பள்ளத்தையும் ஆராய்ந்து இடந்தேரும் வாய்ப்பு எல்லார்க்கும் உண்டோ? இல்லை. பொருளுடையார் தேர்வர்; இல்லார்க்கு எஞ்சியதே இடம். பழைய ஊரமைப்பைப் புகழுமிடத்து இதனையும் மறைத்தல் ஆகாது. திருநாளைப்போவார் பிறந்த ஆதனூரைப் பாடுமிடத்து, வயலின் மருங்கே நெருங்கிக் கிடந்த உழவர் குடிசைகளைத் தெய்வச் சேக்கிழார் கண்முன் நிறுத்துகின்றார். அச்சோழநாட்டு ஆதனூர் வேறு, அடையாறு தோன்றும் ஆதனூர் வேறு. எனினும் ஊரின் ஓரமே உழைப்பவர்க்கு உரியதாயிருந்த நிலை எங்கும் ஒன்றே. நம் அடையாற்றுக்கு அணித்தாகிய குன்றத்தூரிலே பிறந்து, அமைச்சராய் நாடுகண்ட அப்பெருமான், அடியாரின் பெருமையைப் பாடும்போது அவர் குடியிருந்த இடத்தையும் பாடாது விட்டாரல்லர்.

இவ்வினாவிற்கு விடை மதுரைத் திருவிளையாடலிலே உள்ளது. வையை பெருகியபோது பாண்டியன் கரையை அளந்து குடிதோறும் பங்கிட்டான். உறவொருவரும் இன்றிப் பிட்டு விற்றுண்ட வந்திக்கும் ஒரு பங்கு வீழ்ந்தது. தன் பங்கை அடைக்க ஆளில்லாத அம்முதியவட்குக் கூலியாளாய் வந்தவன் சோமசுந்தரக் கடவுள். அவன் முதுகிலே பட்ட பிரம்படி பாண்டியன் மீதும் எல்லா உயிர்கள் மீதும் பட்டது. இதன் உட்பொருளை நாம் ஆழ்ந்து நோக்கல் வேண்டும். ஊரின் கரை ஒன்று. அதில் எளியவளின் பங்கு அடைபடாதாயின் அரண்மனையும் தப்பாது. ஆதலின் நான் மேட்டிலே இடந்தேர்ந்துகொண்டேன், பள்ளத்திலிருப்பவர் பாடு அவரோடு என்றிருத்தல் சிவநெறியாகாது. தனக்கு இடந்தேர்தல் அறிவு. நீருக்கு இடம்விடுதல் அறம்.

எனவே இப்பகுதியில் வீடு வாங்க நினைக்கும் அன்பர்கட்குச் சில கூறுவேன். மனையின் இன்றைய பெயரை மட்டும் கேளாது, கிராமக் கணக்கிலும் வரைபடத்திலும் அந்நிலம் ஏரியாகவோ ஓடையாகவோ கால்வாயாகவோ குறிக்கப்பட்டதா என்று பாருங்கள். மனைப்பிரிவு முறையான ஒப்புதல் பெற்றதா என்று உசாவுங்கள். சித்திரையிலே பார்த்த இடத்தைக் கார்த்திகை மழையிலும் ஒருமுறை பாருங்கள். 2015இல் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அத்தெருவின் முதியோரைக் கேளுங்கள். சுவரிலே கைவைத்துக் காட்டுவர். தெருவைவிட வீட்டின் தளம் உயர்ந்துள்ளதா என்பதோடு, அத்தெருவின் நீர் எங்கே செல்கின்றது என்பதையும் காணுங்கள். தன் வாயிலை உயர்த்தி அயலவர் வாயிலில் நீரைத் தள்ளுதல் இடந்தேர்தல் ஆகாது.

திருப்பணிக்கு வழங்கும் புரவலர்கட்கும் ஒரு விண்ணப்பம். கோபுரத்திற்கு வண்ணம் தீட்டுதல் போலவே, திருக்குளத்திற்கு நீர் வரும் வாய்க்காலையும் மிகைநீர் போகும் வழியையும் திறந்துவைத்தல் திருப்பணியே. கருவறையின் வடபுறத்துக் கோமுகத்தை நோக்குங்கள். இறைவன் திருமுடிமேல் அன்பர் சொரியும் ஒரு குடநீர்க்கும் வெளியேற வழிவகுத்த பின்னரே ஆகமம் அபிடேகத்தை விதித்தது. ஒரு குடநீர்க்கே வழியமைத்தவர் வழிவந்த நாம், வானம் பொழியும் பெருநீர்க்கு வழியடைத்து வீடு கட்டலாமோ?

திருக்குடமுழுக்கும் நீராலே நிகழ்வதுதான். பல தீர்த்தங்களிலிருந்து கொணர்ந்த புனித நீர் கலசத்தின்மேல் வீழ்ந்து, நம் தலைமேல் தெளிக்கப்பெறும் இந்நன்னாளிலே, அந்நீர் மண்ணில் இறங்கிச் செல்லும் வழியையும் காப்போம் என்று உறுதி கொள்வோமாக. நீர் தன்வழி செல்லவும், குடிகள் தம்மிடத்தில் அச்சமின்றி வாழவும் எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்