விளக்கைக் காத்தவர்கள்

சென்ற ஆண்டு இளங்கலைத் தமிழ் இறுதியாண்டு வகுப்பில் வள்ளலாரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சென்னை ஏழுகிணறு வீட்டின் மாடி அறை, அங்கே அவர் வைத்த கண்ணாடி, கண்ணாடியின் முன் ஏற்றிய விளக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தபோது, மூன்றாம் வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், எங்க வீட்டுல மாடி அறை இல்லையே, நாங்க எங்க உக்காருறது?" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அக்கேள்வி வேடிக்கையானதன்று என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

அவள் குடும்பம் ஓசூர் சிப்காட்டை ஒட்டியதொரு லைன் வீட்டில் இருக்கிறது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, நான்கு பேர். தந்தைக்கு வாரம் ஒரு ஷிப்டு. இரவு ஷிப்டு முடிந்து அவர் பகலில் உறங்கும்போது வீட்டார் கிசுகிசுத்துப் பேசவேண்டும். அவர் பகல் ஷிப்டுக்குச் செல்லும் வாரங்களில் வீடு பேரிரைச்சலாக இருக்கும். 1970களில் இங்கே தொழிற்பேட்டை அமைந்தபின் இந்நகரம் வளர்ந்த விதமே அப்படி. கன்னட எல்லையை ஒட்டிய சிற்றூராக இருந்தது, 2019இல் மாநகராட்சியாயிற்று. தொழிற்கூடங்கள் பரந்து விரிந்த அளவுக்கு அவற்றில் உழைப்போரின் வீடுகள் விரியவில்லை. பத்துக்குப் பத்து அடியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும், இப்போது இந்தியும் ஒடியாவும், சுவருக்குச் சுவர் கேட்கின்றன. இத்தகைய வீட்டில் அமைதிக்கென ஓர் இடம் எப்படி உண்டாகும்?

இதற்கு நம் மரபில் விடை உண்டா என்று தேடத் தொடங்கினேன். கிடைத்தது நான் எதிர்பார்த்த விடையன்று.

முதலில் நினைவுக்கு வந்தது சித்தன்னவாசல். புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள அக்குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களுக்காக வெட்டப்பட்ட பதினேழு கற்படுக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் படுக்கும் அளவே. தலைப்பக்கம் சற்றே உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். தமிழகத்தில் தவத்துக்கென மனிதர் அமைத்த மிகச் சிறிய இடங்களில் அவையும் சேரும். அங்குள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டு ஒரு செய்தியைச் சொல்கிறது. எருமிநாட்டைச் சேர்ந்த ஊரொன்றில் பிறந்த துறவி ஒருவருக்குச் சிறுபோசில் என்னும் ஊரின் இளையர் அந்த இருக்கையைச் செய்து கொடுத்தனர் என்பதே அது. எருமிநாடு என்பதை இன்றைய மைசூர்ப் பகுதியாக அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் எல்லைக்கு அப்பாலிருந்து தெற்கே நடந்து வந்த ஒருவர் அமர்ந்து தியானிக்க, வேற்று நிலத்து இளைஞர்கள் உளி பிடித்துப் பாறையைச் செதுக்கியிருக்கிறார்கள். தியானித்தவர் ஒருவர், இடத்தை உண்டாக்கியவர்கள் வேறு சிலர். கல்வெட்டு இருவரையும் மறவாமல் குறித்திருக்கிறது. பிற்காலத்தில் நாம் முதலாமவரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

இடமே இல்லாதவருக்கும் மரபு ஒரு வழி சொல்லியிருக்கிறது. பெரியபுராணத்தில் வரும் பூசலார் நாயனார் திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் எடுக்க விரும்பினார், பொருள் கிடைக்கவில்லை. ஆகவே மனத்துக்குள் பொருள் திரட்டி, தச்சரை வரவழைத்து, நாள் பார்த்து அடித்தளமிட்டு, விமானமும் மதிலும் குளமும் எழுப்பினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்யக் குறித்த அதே நாளைப் பூசலாரும் தம் கோயிலுக்குக் குறித்தார். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, பூசலாரின் கோயிலுக்குத் தாம் செல்லவேண்டியிருப்பதால் அவனுடைய விழாவை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார் என்கிறது புராணம்.

இக்கதையை இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் பெருமிதத்தோடு சொல்லி வந்திருக்கிறேன். இம்முறை அது எனக்குப் போதவில்லை. இடமில்லாதவரை நோக்கி, "மனத்திலே கட்டிக்கொள்" என்பது எளிது. இரவு ஷிப்டுத் தந்தையும் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் தம்பியும் உள்ள ஓரறையில் மனத்தில் கோயில் கட்டுவதற்கும் சற்று ஓய்ந்த பொழுது வேண்டும். பூசலாருக்கு அந்தப் பொழுதை யார் தந்தார்கள் என்று புராணம் பேசவில்லை.

வள்ளலாரின் வாழ்க்கை இதைப் பேசுகிறது. 1823இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்கர் குழந்தையாயிருந்தபோதே தந்தையை இழந்தார். பின் சென்னையில் தமையனார் சபாபதிப் பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். தமையனார் புராணச் சொற்பொழிவு செய்து பிழைத்தவர், செல்வர் அல்லர். தம்பி படிப்பில் நாட்டமின்றிக் கந்தகோட்டமே கதியாகக் கிடந்ததால் சினந்து, வீட்டில் அவருக்குச் சோறு போடக்கூடாதென்று கட்டளையிட்டார். அண்ணியார் பாப்பாத்தி அம்மாள் கணவர் அறியாமல் கொல்லைப்புற வழியாக அவருக்கு அன்னமிட்டு வந்தார். ஒருநாள் கண்ணீரோடு அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், மாடி அறையில் இருந்து படிப்பதாக இராமலிங்கர் இசைந்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். அந்த அறையில் அவர் புத்தகத்தை விரிப்பதற்குப் பதிலாகச் சுவரில் கண்ணாடியை மாட்டி, முன்னே விளக்கேற்றி, அமர்ந்தார். தணிகை முருகனின் காட்சி அக்கண்ணாடியில் கிட்டியது என்பது மரபு.

நம் காலத்தவர் வீட்டில் தியான மூலை அமைப்பது பற்றிச் சொல்வதெல்லாம் ஏறக்குறைய இந்த அறையில் இருக்கிறது. நிலையான ஓர் இடம், பார்வை படிய ஒரு பொருள், சிறு வெளிச்சம். அதற்குமேல் எதுவும் இல்லை. ஆனால் இவை மூன்றுக்கும் முன்னால் நான்காவது ஒன்று இருக்கிறது: அண்ணியாரின் உறுதி. அவர் குறுக்கே நின்றிராவிட்டால் அந்த மாடி அறை இல்லை.

1858இல் சென்னையை நீங்கிய வள்ளலார் பின்னர் வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியாரின் வீட்டில் பல ஆண்டுகள் தங்கினார். அதுவும் பிறர் வீட்டின் ஓர் அறைதான். அங்கே விளக்குக்கு எண்ணெய் வைப்பதைக் கவனித்து வந்தவர் ரெட்டியாரின் மனைவி முத்தியாலம்மாள். எண்ணெய்க் கலயம் உடைந்துபோனதால் புதியதொன்றைப் பழக்குவதற்காக அவர் நீர் நிரப்பி வைத்துச் சென்றார் என்றும், எழுதிக்கொண்டிருந்த அடிகள் எண்ணெயென எண்ணி இரவு முழுதும் நீரையே வார்க்க, விளக்கு அணையாது எரிந்தது என்றும் சொல்வார்கள். இந்த நிகழ்ச்சியை நாம் அற்புதமாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். அற்புதம் நிகழ்ந்தது ஓர் இரவுதான். மற்ற இரவுகளில் எல்லாம் எண்ணெய்தான் எரிந்தது. அதை ஊற்றி வைத்தவர் ஒருவர் இருந்தார். 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியபோது வள்ளலார் அடுப்பை முதலில் மூட்டினார். ஒளி வழிபாட்டுக்கான சத்திய ஞானசபை 1872இல்தான் வந்தது. பசித்தவன் தியானிக்க முடியாது என்பது அவருக்குக் கொல்லைப்புறச் சோற்றிலேயே விளங்கியிருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அப்படியானால் சோறிட்டவர்களும் எண்ணெய் வார்த்தவர்களும் எங்கே அமர்ந்தார்கள்? நம் வரலாற்றில் தவத்தை நாடிய பெண்கள் பெரும்பாலும் வீட்டில் இடம் கண்டவர்களல்லர். காரைக்காலில் வணிகர் மனையில் வாழ்ந்த புனிதவதியார் கணவன் விலகிய பின் பேயுருவை வேண்டிப் பெற்று, திருவாலங்காட்டுச் சுடுகாட்டை இடமாகக் கொண்டார். எல்லைக்கு அப்பால், பன்னிரண்டாம் நூற்றாண்டில், உடுதடியில் பிறந்த அக்கமகாதேவி மன்னனின் அரண்மனையை உதறிக் கல்யாண நகருக்கு நடந்தார். அங்கே அல்லமப் பிரபு முன்னிலையில் வாதிட்டுத் தம் தகுதியை நிறுவவேண்டியிருந்தது. முடிவில் ஸ்ரீசைலத்துக் காட்டை அடைந்தார். அரண்மனையில் அறைகளுக்குக் குறைவிருந்திராது. ஆனாலும் அங்கே அவருக்கு ஓர் இடம் இல்லை. எனவே சதுர அடி ஒரு காரணமே தவிர முழுக் காரணம் அன்று.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் இங்கே சொல்லவேண்டும். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் ராஜாஜி பிறந்த எளிய வீடு இன்று நினைவில்லமாகப் பேணப்படுகிறது. 1921 டிசம்பரில் அவர் முதன்முறையாகச் சிறை சென்றார். வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் நாட்குறிப்பு எழுதினார். அது தமிழில் நூலானபோது அவர் வைத்த பெயர் 'சிறையில் தவம்'. பிற்காலத்தில் மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளையும் 'ஆத்ம சிந்தனை' என்று தமிழில் தந்தார். மலையையும் கடற்கரையையும் தேடி ஓடவேண்டாம், தனக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்ள மனிதனால் எந்நேரமும் முடியும் என்பது அந்த ரோமானியப் பேரரசனின் புகழ்பெற்ற கருத்து. அவன் அந்நூலின் பகுதிகளைப் போர்ப் பாசறைகளில் எழுதினான். சிறைக்கூடமும் பாசறையும் தனிமைக்கு உகந்த இடங்களல்ல. எனினும் அவ்விரண்டிலும் அடுப்படி வேலை அவர்களுடையதாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டியிருக்கிறது.

இக்கணக்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஒருவர் நம் காலத்தில் இருந்தார். 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தவர். இல்லறத்தார் வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்கதாகத் தம் தவமுறையை எளிமைப்படுத்தினார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். கொங்கு நாட்டிலும் நம் பகுதியிலும் அவருடைய மன்றங்கள் பலவும் தொழிலாளர்களையும் சிறு வணிகர்களையும் கொண்டவை. அவர் தம் மனைவி லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாக அறிவித்தார். அவருடைய தத்துவத்தில் எனக்கு ஐயங்கள் உண்டு. ஆயினும் ஒருவன் கண்மூடி அமர்வதற்குப் பின்னால் இன்னொருத்தியின் கண்விழிப்பு இருக்கிறது என்பதற்கு நாட்காட்டியில் ஒரு நாளை ஒதுக்கியது சிறிய செயல் அன்று.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் என் வீட்டை நானே கவனித்தேன். இரண்டு அறை வீடு. மாலையில் நான் புத்தகத்தோடு அமர்ந்ததும் தொலைக்காட்சியின் ஒலி குறையும். பதினெட்டு ஆண்டுகளாகக் குறைந்து வந்திருக்கிறது. அதை அந்நேரத்தின் இயல்பு என்றே எண்ணியிருந்தேன். யாரோ எழுந்து சென்று குறைக்கிறார்கள் என்பதை அந்த வாரம்தான் பார்த்தேன்.

அடுத்த வகுப்பில் மாணவிக்கு விடை சொல்ல முயன்றேன். மாடி அறை தேவையில்லை. ஒரு பாய் விரியும் இடம் போதும். அந்த இடம் நாள்தோறும் மாறாதிருக்கட்டும். ஷிப்டு மாறும் வீட்டில் கடிகார நேரத்தை நிலைப்படுத்த முடியாது. ஆகவே நேரத்தை ஒரு செயலோடு கட்டிக்கொள்ளலாம், தந்தை வேலைக்குக் கிளம்பிய பின் அல்லது விளக்கு வைத்த பின் என்று. ஓசையை நிறுத்த முடியாது; அது தன்னை அழைக்கும் ஓசை அன்று என்ற உறுதி இருந்தால் போதும். அந்த உறுதியை வீட்டிலுள்ள மற்றவர்கள்தான் தரமுடியும். கால்மணி நேரம் இவளை யாரும் கூப்பிடுவதில்லை என்ற உடன்பாடே ஓரறை வீட்டின் தியான அறை. அதைப் பெறுகிறவர் வேறொருவருக்குத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவர். இப்படிச் சொல்லி முடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து நூலக வாசலில் அவளைக் கண்டேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பாய் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

"தினமும் உட்காருகிறாயா?" என்று கேட்டேன்.

"நான் இல்ல சார், அம்மாவ உக்கார வெச்சிருக்கேன். அந்த நேரத்துல தண்ணி நான் புடிச்சிடறேன்" என்றாள்.

"அம்மா என்ன செய்கிறார்?"

"மொத நாள் தூங்கிட்டாங்க சார்" என்றாள்.