விமானத்தின் சுக்கானும் விமானியின் சோதனையும்



கடற்கரையில் வாழ்பவர்களுக்குச் சுக்கான் என்பது புதிய சொல் அன்று. தூத்துக்குடித் துறையிலிருந்து தோணி செலுத்தியவர்கள் காற்றைப் பாயினால் வசப்படுத்தினார்கள். கலத்தைச் சுக்கானால் ஆண்டார்கள். நான் பிறந்த ஆத்தூர், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், தாமிரபருணி கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது. வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர் பெற்ற ஊர். பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கையும் எங்களுக்கு அண்மையிலேயே உள்ளது. தோணியையும் கப்பலையும் கண்டு பழகிய இந்தப் பகுதிக்கு, வாகைக்குளம் நிலையத்தின் வாயிலாக ஆகாய விமானமும் வந்து சேர்ந்தது. விமானத்திற்கும் சுக்கான் உண்டு. புறப்படுமுன் அதனை விமானி எவ்வாறு சோதிக்கிறார், அந்தச் சோதனை எவ்வளவு விலை கொடுத்துப் பெற்றது என்பதே இன்று நான் சொல்ல விரும்புவது.

தோணி நீரின்மேல் இடமும் வலமும் திரும்பினால் போதும். விமானமோ மேலும் கீழும் செல்ல வேண்டும். பக்கவாட்டில் சாயவும் வேண்டும். ஆகவே அதற்கு மூவகைப் பலகைகள் தேவைப்படுகின்றன. இறக்கைகளின் பின் விளிம்பில் இருப்பவை எய்லரான்கள். வாலில் படுக்கையாக இருப்பது எலிவேட்டர். நிமிர்ந்து நிற்பது சுக்கான். விமானி கைப்பிடியை இடப்புறம் திருப்பினால் இடது எய்லரான் மேலெழும், வலது தாழும்; விமானம் இடப்புறம் சாயும். கைப்பிடியைத் தம்மை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் உயர்ந்து, விமானத்தின் மூக்கு மேல்நோக்கும். கால்மிதிகள் சுக்கானை அசைக்கும்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாக அதனைச் சென்னைக்குச் சேர்த்தார். அத்தகைய சிறு விமானங்களில் விமானியின் கையையும் பலகையையும் இணைத்தவை மெல்லிய எஃகுக் கயிறுகளே. கயிறு அறுந்தாலோ சிக்கினாலோ விமானிக்கு வேறு புகல் இல்லை.

விமானம் தரையில் நிற்கும்போது பலத்த காற்று இப்பலகைகளை அடித்து முறித்துவிடக் கூடும். அதனைத் தடுக்கப் பலகைகளை அசையாமல் பூட்டி வைப்பார்கள். நங்கூரமிட்ட தோணியின் சுக்கானைக் கட்டி வைப்பது போன்றது அது. பூட்டுவது எளிது, பறக்குமுன் அதனை மறவாமல் திறப்பதில்தான் ஆபத்து இருந்தது.

1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ரைட் பீல்டு என்னும் தளத்தில், போயிங் நிறுவனத்தின் நான்கு எஞ்சின் கொண்ட புதிய விமானம் ஒன்று சோதனைக்காகக் கிளம்பியது. பூட்டு திறக்கப்படவில்லை. விமானம் செங்குத்தாக எழும்பி, நிலை குலைந்து வீழ்ந்து எரிந்தது. மேஜர் ப்ளாயர் ஹில், லெஸ்லி டவர் என்னும் தேர்ந்த விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். திறமைக் குறைவு அங்கே காரணமன்று. மனித நினைவின் எல்லையே காரணம். அதன் பின்னரே, புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, படித்துப் படித்துச் சரிபார்க்கும் முறை நிலைபெற்றது.

எனினும் விபத்துகள் நின்றுவிடவில்லை. 1947 ஜனவரி 26ஆம் நாள் கோபன்ஹேகனில் ஒரு டகோட்டா விமானம், எலிவேட்டர் பூட்டுகளை அகற்றாமலே எழும்பி வீழ்ந்தது. ஸ்வீடன் நாட்டு இளவரசர் குஸ்தாவ் அடால்ஃப் உட்பட 22 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் இங்கிலாந்தில் உட்போர்டு என்னும் இடத்தில் வேறொரு விபரீதம் நிகழ்ந்தது. அவ்ரோ டியூடர் விமானத்தைப் பழுது பார்த்தவர்கள் எய்லரான் கயிறுகளை மாற்றி இணைத்துவிட்டனர். இடப்புறம் திருப்பினால் வலப்புறம் சாய்ந்தது விமானம். புகழ்பெற்ற லங்காஸ்டர் விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக், அவ்விபத்தில் உயிர் நீத்தார்.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடம் மூன்று சொற்களில் அடங்கும். பலகைகள் முழு அளவுக்கும் அசைகின்றனவா? தடையின்றி அசைகின்றனவா? உரிய திசையில் அசைகின்றனவா? முதலிரண்டும் கைக்குத் தெரியும். மூன்றாவதைக் கண்ணால்தான் காண முடியும்.

இந்த மூன்றாவது கேள்வி பழங்காலத்தோடு போய்விட்டதென்று எண்ண வேண்டா. 2001 மார்ச் 20ஆம் நாள், பிராங்க்ஃபர்ட் நகரில் லுஃப்தான்சாவின் ஏர்பஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. அதில் கயிறுகளுக்குப் பதில் மின்கம்பிகள் ஆணையைக் கொண்டு செல்கின்றன. பழுது பார்க்கும்போது சில கம்பிகள் இடம் மாறியதால், தலைமை விமானியின் பிடி தலைகீழாக வேலை செய்தது. புறப்படுமுன் செய்த சோதனையில் பலகை அசைவது தெரிந்தது. எப்புறம் அசைகிறது என்பது கவனிக்கப்படவில்லை. தரையை விட்டதும் இறக்கையின் நுனி மண்ணைத் தொட ஏறக்குறைய அரை மீட்டரே இருந்தது. துணை விமானி தம் பிடியால் விமானத்தை மீட்டார், அனைவரும் பிழைத்தனர்.

2014 மே 31ஆம் நாள், அமெரிக்காவில் பெட்ஃபோர்டு தளத்தில் பிழைத்தவர் ஒருவரும் இல்லை. பூட்டைத் திறவாமல் ஓடுபாதையில் விரைந்த கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் பாதையைக் கடந்து சென்று எரிந்து, எழுவரைப் பலி கொண்டது. விசாரணையில் வெளிப்பட்ட செய்தி திடுக்கிட வைப்பது: அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் நூற்றுக்கு 98 முறை அவ்விமானிகள் இச்சோதனையை முழுமையாகச் செய்யவில்லை. செய்யாமலே நலமாகப் போய்வந்த ஒவ்வொரு நாளும், செய்ய வேண்டியதில்லை என்ற தைரியத்தை வளர்த்துவிட்டது போலும்!

ஏர்பஸ் விமானங்களில் இச்சோதனை நடைபெறும் முறை கருதத்தக்கது. ஒருவர் வாய் திறவாமல் பிடியை எல்லாப் புறமும் முழுமையாக அசைக்கிறார். மற்றவர் திரையில் பலகைகளின் அசைவைக் கண்டு, கண்டதை மட்டும் உரக்கச் சொல்கிறார். செய்பவர் சொல்லிக்கொண்டே செய்தால், பார்ப்பவர் தாம் கண்டதைச் சொல்லாமல் கேட்டதையே திருப்பிச் சொல்லிவிடுவார். அதனால்தான் அந்த மௌனம்.

நம் மன்னார் வளைகுடாவில் 1961 வரை நடந்த முத்துக் குளிப்பிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. மூழ்குபவன் ஒருவன், தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் மற்றொருவன். மைத்துனன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. தங்கையின் வாழ்வைக் கருதியேனும் அவன் கவனம் சிதறான் என்பது அதன் பொருள். ஆழத்தில் இறங்குபவனுக்கும் உயரத்தில் ஏறுபவனுக்கும், அருகில் இருப்பவனின் விழித்த கண்ணே காவல்.

இச்சோதனை ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். பயணிகளுள் பெரும்பாலோர் அதனை அறிவதும் இல்லை. ஆயிரம் முறை குறை ஒன்றும் தென்படாது. அதனால் அது வீண் ஆகாது. ஆயிரத்தோராவது முறையும் அதே கருத்தோடு பார்ப்பவரே நல்ல விமானி.