ஆத்துமாக்களின் கண்காணி: பேதுருவின் நிருபத்தில் ஒரு வாசகமும் ஜோகூர்த் தோட்டப்புறத்துச் செவியும்

மலாயாத் தோட்டப்புறத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் விசுவாசத்தைப் பற்றி எழுதுவோரிடையே ஓர் அபிப்பிராயம் நெடுநாளாக மறுப்பின்றி வழங்கி வருகிறது. இக்கட்டில் தேவனுடைய பராமரிப்பை நம்பிப் பொறுத்திருங்கள் என்ற போதனை, கூலிக்காரனைப் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்பில் தலைநிமிராது நிற்கப் பழக்குவதற்குத் துரைமாருக்கு வாய்த்த எளிய உபாயம் என்பதும், தமிழன் கப்பலேறும்போது உடன் கொண்டுவந்த ஊழ்வினை நம்பிக்கையே ஞானஸ்நானம் பெற்று வேறு பெயரில் உலவிற்று என்பதுமே அவ்வபிப்பிராயம். இதற்கு அவர்கள் எடுத்துக்காட்டும் தலையாய சான்று, பேதுருவின் முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம், 18 முதல் 25 வரையுள்ள வசனங்கள். வேலைக்காரரை விளித்து, கடுமையான எஜமானுக்கும் கீழ்ப்படியச் சொல்லி, கிறிஸ்துவின் பாடுகளை மாதிரியாக முன்வைக்கும் அப்பகுதியை அடக்குமுறைக்கு எழுதிக் கொடுத்த சாசனமாகப் படிப்பது எளிது. எளிதாயிருப்பதுபற்றியே, அதைச் சொல் சொல்லாக மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கத் துணிந்தேன். படித்ததன் பயனாக யான் அடைந்த முடிவு அவர்களுடைய முடிவுக்கு நேர் விரோதமானது.

அப்பகுதி முடிகிற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 25ஆம் வசனத்தில் கிறிஸ்துவுக்கு இரண்டு பெயர்கள் அருகருகே சூட்டப்படுகின்றன. ஒன்று மேய்ப்பர், மற்றொன்று கண்காணி. கிரேக்க மூலத்தில் இவ்விரண்டாம் பெயர் எபிஸ்கொபொஸ் என்பது. அப்போஸ்தலருடைய நடபடிகளிலும் பிலிப்பியர் நிருபத்திலும் சபையின் மூப்பரைக் குறித்து இச்சொல் வருமிடத்தும், பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்த பெயர்ப்பு கண்காணி என்றே சொல்கிறது. அந்தப் புத்தகத்தைத் துணிமூட்டைக்குள் வைத்துக்கொண்டு ஜோகூருக்கு வந்திறங்கியவன், அதே சொல்லை வேறோர் இடத்தில் நாள்தோறும் கேட்டான். ஊருக்கு வந்து ஆள் சேர்த்தவன் கங்காணி. முன்பணம் தந்து கடனிலே கட்டியவன் கங்காணி. விடியுமுன் ஆளெண்ணிக் தோட்டத்து எழுத்தராகிய கிராணிக்குக் கணக்குச் சொன்னவனும், வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் காசு பெற்றவனும் அவனே. மாமன் மச்சான் என்று உறவு சொல்லி அழைத்து வந்தவனே கடனைச் சொல்லிக் கட்டி வைத்தவனுமானது இம்முறையின் தனிக் கொடுமை. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டபின் இதுவே மேலோங்கி நின்று, 1938இல் இந்திய அரசாங்கம் ஆளனுப்புவதைத் தடை செய்யும்வரை நிலைத்தது. கோத்தா திங்கியில் ஜோகூர் ஆற்றை ஒட்டிய மேடுகளெல்லாம் கித்தா என்னும் ரப்பர்க் காடாயிருந்த காலத்துக் கதை இது. இன்று அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை.

ஆக, தோட்டத்து வரிசைவீடாகிய லயத்தில் விளக்கேற்றி நிருபத்தை உரக்க வாசித்தவன் ஆத்துமாக்களின் கண்காணி என்ற இடத்துக்கு வந்தபோது, சுற்றியிருந்தோர் செவியில் விழுந்தது, காலையில் தங்களைப் பேர் சொல்லி அழைத்தவனுடைய பட்டம். எழுத்திலே ணகரமெய்யும் பேச்சிலே ஙகரமெய்யும் வேறுபடுவதைக் கொண்டு இவை இரண்டும் வெவ்வேறு சொற்களாகவே தோன்றியிருக்கும் என்று வாதிப்பாருளர். கண்காணியின் பேச்சு வடிவமே கங்காணி என்பதை அறியாத தமிழன் அக்காலத்தில் ஒருவனும் இருந்திரான். இவ்வாதத்தில் மேலும் காலம் கழிக்க வேண்டுவதில்லை.

கேள்வி, அச்சொல் அங்கே என்ன தொழில் செய்தது என்பதே. முந்தை ஆய்வாளர் கூறுமாறு அது கங்காணியின் அதிகாரத்துக்கு வானத்து முத்திரை இட்டதா, அன்றி அவனுக்கு மேலே வேறொருவனை அமர்த்திற்றா? தமிழில் இச்சொல்லுக்கு நெடிய சரித்திரம் உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்க்கும் அதிகாரிக்கு இப்பெயர் வழங்கியது. திருமந்திரத்தில் இறைவனையே கண்காணியாகக் கூறும் புகழ்பெற்ற பாடல் ஒன்றுண்டு. ஆங்கே அக்கண் எங்கும் நிறைந்து, மறைவிடத்துக் கள்ளத்தைக் கண்டுகொள்ளும் கண், ஆகவே அஞ்ச வேண்டியவன் கள்ளம் செய்வோன். இம்மரபு தோட்டத்துக்கு வந்த சைவருக்கும் அந்நியமன்று. கண்காணி என்ற சொல்லில் கணக்குக் கேட்கும் பொருள் ஆதிமுதலே குடிகொண்டிருந்தது என்பதும், அக்கணக்கு கண்காணிக்கப்படுவோனிடம் மட்டுமன்றி, பொறுப்பேற்ற யாவரிடமும் கேட்கத்தக்கது என்பதும் நினைவில் இருத்தத்தக்கன. மேலும் ஒன்று: யாத்திராகமத்தில் எகிப்தியர் இஸ்ரவேலரை அடித்து வேலை வாங்கும் இடத்தில், அதே 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பு கண்காணி என்னாது ஆளோட்டி என்கிறது. அடித்து ஓட்டுபவனுக்கு ஒரு சொல்லும், பார்த்துக் காப்பவனுக்கு வேறொரு சொல்லும் அப்பெயர்ப்பினர் கையில் இருந்தன; தெரிந்தே பிரித்தார்கள்.

இனி, வாதத்தின் உயிர்நிலையான 23ஆம் வசனம். கிறிஸ்து வையப்பட்டபோது திரும்ப வையவில்லை, பாடனுபவித்தபோது மிரட்டவில்லை என்று சொல்லிவிட்டு, நீதியாய்த் தீர்ப்புச் செய்கிறவரிடம் ஒப்புவித்தார் என்கிற பொருளில் நிருபகாரர் முடிக்கிறார். எதை ஒப்புவித்தார்? நம்முடைய பெயர்ப்பு ‘தம்மை’ என்ற சொல்லால் விடையளிக்கிறது. அச்சொல் மூலத்தில் இல்லை. பரெதீது என்ற கிரேக்க வினை அங்கே செயப்படுபொருளின்றித் தனித்து நிற்கிறது. பழைய ஆங்கிலப் பெயர்ப்பினர் இதே இடத்தில் அச்சொல்லைச் சேர்த்தபோது, அது தம்முடைய சேர்க்கை என்று வாசகன் அறியும்படி சாய்வெழுத்தில் அச்சிடச் செய்தார்கள். தமிழில் அந்த அடையாளம் இன்றி அது மூலச் சொல்லேபோல் நிற்கிறது.

அந்த ஒரு சொல்லின் மேல்தான் எதிர்த்தரப்பின் மாளிகை முழுவதும் எழுப்பப்பட்டிருக்கிறது. தம்மையே ஒப்புவித்தார் என்று படித்தால், நம்பிக்கை என்பது தன்னை இழந்துவிடுதல், கையை விட்டுவிடுதல், நடப்பது நடக்கட்டும் என்றிருத்தல் என்றாகும். அப்போது ஊழுக்கும் பராமரிப்புக்கும் இடையே வேலி மெலிந்து போவதும் உண்மையே. லத்தீன் வல்காத்தாவோ இன்னும் ஒரு படி சென்று, நீதியாய் என்பதற்கு நேர்மாறாக, தம்மை அநியாயமாய்த் தீர்த்தவனிடம் ஒப்புவித்தார் என்று பொருள்படப் பாடங்கொண்டிருக்கிறது. பிலாத்துவை எண்ணிய வாசகம் போலும். கிரேக்கப் பிரதிகளின் சாட்சி அதற்குத் துணை நிற்கவில்லை. ஆயினும், ஒரு சொல் புரண்டால் இப்பகுதி எவ்வளவு தூரம் அடங்கிப்போகும் போதனையாக மாறிவிடக்கூடும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

தம்மை என்பதை ஆதரிக்கும் பாஷ்யகாரருக்கு வலிய துணை ஏசாயாவின் 53ஆம் அதிகாரம். அதன் கிரேக்கப் பெயர்ப்பில் இதே வினை வருகிறது. கர்த்தருடைய தாசன் மரணத்துக்கு ஒப்புவிக்கப்படுகிறான். பேதுருவும் அவ்வதிகாரத்தையே கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறார் என்பதில் ஐயமில்லை. இதை யான் மறுக்கவில்லை. ஆனால் ஏசாயாவில் ஒப்புவிக்கப்படுவது மரணத்துக்கு. பேதுருவில் ஒப்புவிக்கப்படுவது நியாயாதிபதியிடம். நியாயாதிபதியிடம் ஒருவன் ஒப்புவிப்பது வழக்கையே. நீதியாய்த் தீர்ப்புச் செய்கிறவர் என்ற தொடரைத் தேடிச் சென்றால் அது எரேமியாவின் 11ஆம் அதிகாரம், 20ஆம் வசனத்தின் கிரேக்க வடிவத்தில் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. அடிக்கப்படுவதற்குக் கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டியாகத் தன்னைக் கூறிக்கொண்ட தீர்க்கதரிசி, அடுத்த மூச்சிலே நீதியாய்த் தீர்ப்பவரே என்று கர்த்தரை விளித்து, தன் வழக்கை அவர் முன் வைக்கிறான். ஆட்டுக்குட்டி, நீதியுள்ள நியாயாதிபதி, ஒப்புவித்தல் ஆகிய மூன்றும் இங்கே ஒருங்கே நிற்க, இதைப் பேதுரு அறியாது எழுதினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றியும், ஆத்துமாவை ஒப்புக்கொடுப்பதைச் சொல்ல வேண்டிய 4ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தில் அவர் வேறொரு வினையைக் கையாண்டு, ஆத்துமாக்களை என்று செயப்படுபொருளையும் வெளிப்படையாகச் சொல்லுகிறார். சொல்ல விரும்பிய இடத்தில் சொன்னவர், 2:23இல் சொல்லாது விட்டதற்குக் காரணம் இருக்க வேண்டும். வழக்கை, என்பதே என் துணிபு. ஒருவாறு அடக்கிச் சொல்லின், வழக்கும் அடங்கும் என்றாவது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்பாடம் நிலைத்தால் பொறுமையின் பொருளே மாறுகிறது. வைதவனை வையாமலிருந்தது, வசவு பொருட்டல்ல என்பதனால் அன்று. வழக்கு மேல்மன்றத்தில் ஏறியிருக்கிறது, ஆகையால் கீழே கைகலக்கத் தேவையில்லை என்பதனால். அவ்வாறு நம்பியவன் தனக்கு நேர்ந்ததை நியாயம் என்று ஏற்றுக்கொண்டவனல்லன். இதனைப் பேதுருவே 19ஆம் வசனத்தில், அநியாயமாய் என்ற வெளிப்படையான சொல்லால் உறுதிப்படுத்துகிறார். ஊழ்வினையின் அகராதியில் அச்சொல்லுக்கு இடமில்லை. முன்வினை வந்து உருத்தினால் அது கணக்குத் தீர்தலேயன்றி அநியாயமன்று. பேதுருவோ அநியாயம் என்று பெயரிட்ட பின்னரே பொறுக்கச் சொல்கிறார். 18ஆம் வசனத்திலும் தமிழ்ப் பெயர்ப்பு நமக்கு ஒரு சிறு நஷ்டத்தை விளைத்திருக்கிறது. எஜமானைக் குறித்து மூலத்தில் வரும் ஸ்கொலியொஸ் என்ற அடைமொழி வளைந்தது, கோணலானது என்று பொருள்படுவது. பிலிப்பியர் 2:15இல் அதே சொல்லை அதே பெயர்ப்பினர் கோணல் என்றே பெயர்த்தார்கள். இங்கே மட்டும் அது முரட்டுக்குணம் ஆயிற்று. முரடு சுபாவத்தைச் சொல்லும். கோணல் நெறியைச் சொல்லும். முரட்டுத் துரை என்றால் கோபக்காரத் துரை என்று விட்டுவிடலாம். கோணல் துரை என்றால் அது தீர்ப்பு.

கண்காணியோடு மேய்ப்பர் சேர்ந்து நிற்பதும் யதேச்சையானதன்று. எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தின் கிரேக்கப் பெயர்ப்பில், கர்த்தர் தம் ஆடுகளைத் தாமே தேடி விசாரிப்பேன் என்று சொல்லுமிடத்து, எபிஸ்கொபொஸ் பிறந்த அதே வேரிலிருந்து வரும் வினை ஆளப்படுகிறது. எப்போது அவர் அப்படிச் சொல்கிறார்? கொழுத்ததை அடித்துத் தின்று, ரோமத்தை உடுத்தி, மந்தையை மேய்க்காது தங்களை மேய்த்துக்கொண்ட மேய்ப்பரைக் கண்டித்து, இனி ஆடுகளின் கணக்கை உங்கள் கையில் கேட்பேன் என்று அறிவித்த பின்னர். பொறுப்பிலிருந்தவர் தின்று கொழுத்தபடியால் தேவன் தாமே கண்காணிப்பை ஏற்கிறார் என்பது அவ்வதிகாரத்தின் செய்தி. அதன் மணம் படிந்த பட்டத்தை, வேலைக்காரரை நோக்கி எழுதிய பகுதியின் கடைசிச் சொல்லாகப் பேதுரு வைக்கிறார். வேறு எவருடைய கண்காணிப்புக்கும் அது முத்திரையாக முடியாது.

தோட்டத்து விசுவாசிகள் தம் வாசிப்பைப் பாஷ்யமாக எழுதி வைத்துச் சென்றவரல்லர். ஆகவே அவர்கள் இவ்வாறே கேட்டார்கள் என்று நிரூபிப்பது என் நோக்கமன்று. அவர்கள் கையிலிருந்த வாசகம் இவ்வாறு கேட்கப்பட இடந்தந்தது என்பதும், அடங்கிப் போகும் வாசிப்புக்கு மூலத்திலில்லாத ஒரு சொல் தேவைப்பட்டது என்பதுமே யான் நிலைநாட்ட முயல்வன. எதிர்த்தரப்பினரும் அவர்கள் மனத்தைத் திறந்து பார்த்தவரல்லர் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். தோட்டப்புறத்தில் கிறிஸ்தவர் சிறுபான்மையினர், அவர்களுள் எழுத்தறிந்தோர் அதனினும் சிறுபான்மையினர் என்ற ஆட்சேபம் சரியே; ஆயினும் வேதம் அங்கே பெரும்பாலும் கேட்கப்பட்டது, படிக்கப்பட்டதன்று, ஒருவன் வாசிக்கப் பலர் கேட்டனர்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூர் ஆறு இருமுறை கரைபுரண்டு கோத்தா திங்கிப் பட்டணத்தை மூழ்கடித்தபோது, தேவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி மேட்டுக்கு ஏறியவர்களின் நம்பிக்கை வேறு வகையைச் சேர்ந்தது. ஆகாயத்துப் பறவைகளைக் காட்டி இயேசு மலைமேல் போதித்த வகை அது. ஆற்றின்மேல் வழக்குத் தொடுக்க இயலாது. பேதுருவின் இரண்டாம் அதிகாரம் பேசுவது, செய்தவன் ஒருவன் முகத்துக்கு முன் நிற்கிற துன்பத்தை. இவ்விரண்டையும் ஒரே பராமரிப்புப் பேச்சுக்குள் அடைத்து, வெள்ளத்துக்குச் சொல்ல வேண்டியதைக் கங்காணிக்குச் சொன்ன போதகர்களும் இருந்திருக்கலாம். இருந்தார்கள் என்றே நினைக்கிறேன். முந்தை ஆய்வாளரின் குற்றச்சாட்டு அவர்கள்மேல் சென்று படுமாயின் எனக்கு ஆட்சேபமில்லை. நிருபத்தின்மேல் அது படாது.

பிற்காலப் பெயர்ப்புகளில் கண்காணிப்பாளர் என்ற நீண்ட வடிவம் புகுந்துவருகிறது. தோட்டத்து வாசனை படிந்த பழஞ்சொல் மரியாதைக்குக் குறைவென்று எண்ணினார்கள் போலும். அந்த வாசனையே அச்சொல்லின் பெறுமதி என்பது என் எண்ணம். இனி வரும் திருத்தப் பதிப்பை ஆயத்தப்படுத்துவோரிடம் என் விண்ணப்பம் இரண்டு: 2:25இல் கண்காணி என்ற சொல்லை எடுத்துவிட வேண்டாம், 2:23இல் ‘தம்மை’ என்பதை ஒன்று நீக்குங்கள், அன்றேல் சாய்வெழுத்தில் அச்சிட்டு, ‘தம் வழக்கை’ என்ற பாடத்தை அடிக்குறிப்பிலாவது வாசகனுக்குக் காட்டுங்கள்.