உதிரிபாகக் கடையும் இன்சூரன்ஸும்

தூத்துக்குடி – மதுரை சாலையில் எங்கள் எப்போதும்வென்றான் பக்கம் லாரி அடிபட்டு நின்றால், அந்தக் காலத்தில் ஓனர் கோவில்பட்டிக்குப் போய், பழகிய கடையில்தான் சாமான் வாங்குவார். சர்வேயர் பார்த்த பிறகு பில்லை இணைத்து கிளெய்ம் போடுவது வழக்கம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி கழித்துக்கொள்வார்கள். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது.

1973 ஜனவரி 1 முதல் 107 பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் தேசியமாகி நான்காயின. அப்போதும் கடையைத் தேர்ந்தெடுத்தவர் வண்டிக்காரர்தான். 2000க்குப் பிறகு தனியார் வந்தார்கள், 'கேஷ்லெஸ்' வந்தது. வண்டி கம்பெனி சொன்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. சாமான் எங்கிருந்து வருகிறது என்று ஓனருக்கே தெரியாது.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நியூசிலாந்தில் பிறந்த 'பார்ட்ஸ் டிரேடர்' என்ற இணைய முறையில்தான் பாகம் கேட்க வேண்டும் என்று 2012இல் ஸ்டேட் ஃபார்ம் கம்பெனி தன் ஒர்க்‌ஷாப்புகளுக்குச் சொன்னது. வியாபாரிகள் திரையில் விலை போட்டியிட வேண்டும். லாபம் கரையும், பழகிய உறவு போகும் என்று அவர்கள் பலமாக எதிர்த்தார்கள். ஆனாலும் மறு ஆண்டே அது நாடெங்கும் பரவத் தொடங்கியது.

நம் நாட்டில் கடைக்காரருக்கு வேறு தொல்லை. அசல் பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாக விற்கவில்லை என்று 14 கார் கம்பெனிகளுக்கு, 2014 ஆகஸ்டில், போட்டி ஆணையம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

எனக்கு உறுத்துவது விலை அல்ல, கடன் நோட்டு. கிளெய்ம் பணம் வரும்வரை பொறுத்தவர் கடைக்காரர். டிராக்டருக்கு சாமான் வாங்கிய சம்சாரி, "பருத்தி போட்டதும் தாரேன் அண்ணாச்சி" என்பார். அதை எழுத அந்தத் திரையில் கட்டம் ஏது?