ரிட்டன் லோடு இல்லாத துறைமுகம்

லாரி புக்கிங் ஆபீசில் காலம் தள்ளியவனிடம் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அவன் இரண்டே கேள்விதான் கேட்பான். போகும்போது என்ன லோடு? வரும்போது என்ன லோடு? இரண்டுக்கும் பதில் உள்ள ஊருக்கு வாடகை குறையும், வண்டி அடிக்கடி போகும், கடைத்தெரு பெருகும். ஒன்றுக்கு மட்டும் பதில் இருந்தால், அந்த ஊருக்கு எவ்வளவு பெருமை இருந்தாலும் வண்டிக்காரன் இரட்டை வாடகை கேட்பான்.

திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு மரக்காணத்து உப்புக்கு வண்டி பிடித்துக் கொடுத்தவன் நான். 35 கிலோமீட்டர் தூரம். காலையில் காலியாகப் போகும் வண்டி, மாலையில் தார்ப்பாய் கட்டி உப்போடு வரும். “மரக்காணத்துக்கு இங்கேயிருந்து ஏத்திக்கினு போக இன்னாண்ணே இருக்குது?” என்று டிரைவர்கள் கேட்காத நாள் இல்லை. பழைய நூல்களைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நல்ல பதில் இருந்தது என்று தெரிந்துகொண்டேன்.

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தில் இருந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல்வழிக் கையேடு ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்’. அதில் நம் கிழக்குக் கரையின் மூன்று துறைகள் வரிசையாக வருகின்றன: கமரா, பொதுகே, சோபட்மா. கமராவைக் காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகேயைப் புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு என்றும், சோபட்மாவை மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். சங்க நூல் சொல்லும் எயிற்பட்டினமும் இதுவே என்பது அவர்கள் கருத்து. எயில் என்றாலும் சோ என்றாலும் மதில்தான். அரிக்கமேட்டுக்கு 1945இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டியதால் உலகப் புகழ் கிடைத்தது. மரக்காணத்தில் மாநிலத் தொல்லியல் துறை 2005-06இல்தான் அகழாய்வு நடத்தியது.

அந்தக் கிரேக்கர் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது சரக்குக் கணக்கு. தமிழகத்தில் செய்யப்படும் பொருள்கள் எல்லாம் இந்தத் துறைகளுக்கு வருகின்றன என்கிறார்; எகிப்திலிருந்து வரும் பொருள்களில் பெரும்பகுதியும் இங்கே வந்து சேர்கிறது என்கிறார். கரையோரமாகவே போகும் உள்ளூர்க் கலங்கள், பெரிய ஒற்றை மரங்களைப் பிணைத்துக் கட்டிய ‘சங்கரா’ என்னும் கலங்கள், கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் போகும் பெருங்கப்பல்கள் என்று வண்டி வகைகளையும் பிரித்துச் சொல்கிறார். என் தொழில்மொழியில் சொன்னால், லோக்கல் டெம்போவும் உண்டு, நேஷனல் பெர்மிட்டும் உண்டு. போகிற லோடும் வருகிற லோடும் நிறைந்த துறை அது.

சிறுபாணாற்றுப்படை இதே கதையைக் கரைக்கு இந்தப் பக்கம் நின்று சொல்கிறது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே கடலுக்கும் கழிக்கும் நடுவில் கிடக்கும் நிலம். ஆக, அவர் உப்புக்காற்றில் வளர்ந்தவர். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவன் ஊரான கிடங்கில், இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கல்.

இலக்கிய வகுப்பில் அந்தப் பாட்டை வள்ளலின் புகழுக்காகப் படிப்பார்கள். எனக்கு அது ரூட் மேப். எயிற்பட்டினத்தில் தொடங்கி, வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்குப் பாணர்களை அனுப்புகிறார் புலவர். (இந்த வேலூர் கோட்டை இருக்கும் வேலூர் இல்லை; ஓய்மானாட்டுக்குள் இருந்த ஊர்.) ஒவ்வோர் இடத்திலும் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்லிவிடுகிறார். கடற்கரையில் சுட்ட மீனும் கள்ளும், காட்டூரான வேலூரில் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும், வயலூரான ஆமூரில் வெள்ளரிசிச் சோறும் நண்டுக் கறியும். நெய்தல், முல்லை, மருதம் மூன்றையும் ஒரே சாலையில் கோத்துவிட்டார். மாட்டுவண்டிக்கு இது ஒன்றரை நாள் பயணம். கரையில் மீனும் உப்பும் உண்டு, நெல் இல்லை. உள்ளே நெல் உண்டு, உப்பு இல்லை. போகிற வண்டியும் வருகிற வண்டியும் நிறைந்திருக்க வேறென்ன வேண்டும்?

எயிற்பட்டினத்தைப் பற்றி நத்தத்தனார் தரும் ஒரு தகவல் அசர வைக்கும். அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள், ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவது போலக் கரையில் குவிந்து கிடக்குமாம். பரதவர் வீட்டுப் பெண்கள் அவற்றை அடுப்பெரிக்க எடுப்பார்களாம். மணக்கும் மரம் விறகாகும் அளவுக்குக் கடல்வழிச் சரக்கு இங்கே புழங்கியது என்று நான் இதைப் படிக்கிறேன். புலவரின் மிகை என்று தள்ளுபவர் தள்ளட்டும். ஒட்டகத்தை உவமையாகச் சொன்னால் கேட்பவருக்குப் புரியும் என்று ஒரு நெய்தல் நிலத்துப் புலவர் நம்பினாரே, அதையாவது கவனிக்க வேண்டும்.

சோழர் காலத்திலும் ஊர் பெயர் மங்கவில்லை. மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் ராஜராஜன் காலம் தொட்டுக் கல்வெட்டுகள் உண்டு. இந்தப் பகுதி அவற்றில் ஓய்மா நாட்டுப் பட்டின நாடு எனப்படுகிறது. கடற்கரை ஊரைச் சுற்றி ஒரு நாட்டுப் பிரிவே பட்டினத்தின் பெயரைத் தாங்கியிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் சரக்கு கொஞ்சம் வடக்கே நகர்ந்து ஆலம்பரைக்குப் போனது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், கடப்பாக்கத்தை ஒட்டிய கோட்டை அது. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் ஆளுகையில் இருந்தது. கோட்டைக்கு முன்னால் கடலுக்குள் நீளும் படகுத்துறை இருந்தது. துணியும் நெய்யும் உப்பும் அங்கிருந்து ஏறின. உள்ளே நாணயச்சாலை. ஆலம்பரை வராகன் புதுச்சேரிக் கடைத்தெருவிலும் புழங்கியது. நாணயம் அடிக்க உலோகம் உள்ளே வர வேண்டும், துணி வெளியே போக வேண்டும். இரண்டு பக்க லோடும் கடைசியாக ஒழுங்காக இருந்த காலம் அதுதான். 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760இல் வந்தவாசிப் போருக்குப் பிறகு ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சமிருந்த சுவரை 2004 சுனாமி மேலும் சிதைத்தது.

அதற்குப் பிறகு இந்தக் கரைக்கு மிஞ்சியது உப்பு ஒன்றுதான். அதற்கும் எஜமான் மாறினார். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைவிப்பவர் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும். கம்பெனி ஒரு கரிசைக்கு 70 ரூபாய் என்று விலை வைத்து விற்றது. கரிசை என்பது ஏறக்குறைய நாலரை டன், இன்றைய சின்ன லாரி ஒன்றின் பாரம். பக்கத்துப் புதுச்சேரியிலும் உப்பு தாராளமாக விளையக்கூடாது என்று 1815, 1818 ஒப்பந்தங்களில் பிரெஞ்சுக்காரரோடு பேசி, ஈடாகப் பணம் கொடுத்துத் தடுத்தார்கள். உப்பு வணிகரான உமணர் தம் இஷ்டத்துக்கு வண்டி கட்டி விற்கப் போன காலம் அதோடு முடிந்தது.

பிறகு கால்வாய் வந்தது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே காக்ரேன் கால்வாயாகத் தொடங்கியது, தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டியபோது கவர்னர் பக்கிங்ஹாம் பெயரைப் பெற்றது. தெற்கே அதன் கடைசி மரக்காணம். தெற்கே போகும் சரக்குப் படகு இங்கே வந்து நின்றுவிடும். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் கழி ஊன்றுவார்கள், அதுவும் ஆகாவிட்டால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார்கள். உப்பும் சவுக்கு விறகும் சென்னை பேசின் பாலம் வரை போயின. சென்னை எரித்த அடுப்புக்கும் போட்ட உப்புக்கும் இந்தக் கரை குறை வைத்ததில்லை. ஆனால் அந்தப் படகு திரும்பி வரும்போது அதற்கு ஈடான பாரம் ஏது? சென்னையின் தேவைக்கு மரக்காணம் பயன்பட்டது. மரக்காணத்தில் கடைத்தெரு வளர அந்தத் தேவை உதவவில்லை.

உள்பக்கச் சரக்கு வேறு திசையில் திரும்பியதுதான் பெரிய அடி. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தின் செம்மண்ணில் மணிலா பெருகியது. வேர்க்கடலையை நாங்கள் மணிலா என்றோ மல்லாட்டை என்றோதான் சொல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் புதுச்சேரியிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது தென்னார்க்காட்டு மணிலா. 1870களில் சென்னையிலிருந்து ரயில் திண்டிவனத்துக்கு வந்து விழுப்புரம் வழியாகத் தெற்கே போனது. 1879இல் விழுப்புரம் – புதுச்சேரிப் பாதை திறந்தது. விழுப்புரம் ஜங்ஷன் ஆனது. மணிலா மூட்டை ரயிலேறிப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போனது. முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருந்த மரக்காணத்துக்கு யாரும் வண்டி கட்டவில்லை.

இத்தனைக்கும் புதுச்சேரியிலும் அப்போது பெரிய கப்பல் வந்து அணையும் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைத் தாண்டி மூட்டையைக் கொண்டுபோய் ஏற்றும். மரக்காணத்துக் கடலும் அதே கடல்தான். ஆக, இரண்டு ஊரின் தலையெழுத்தையும் பிரித்தது கடல் ஆழம் இல்லை. புதுச்சேரியில் வாங்குகிறவன் இருந்தான், கடன் கொடுக்கிறவன் இருந்தான், ரயில் இருந்தது, திரும்பும் வண்டிக்கு ஏற்றச் சரக்கும் இருந்தது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. 1940இல் வெளியான ‘டி.எம்.வி. 2’ மணிலா விதையின் பெயரிலேயே எங்கள் ஊர் இருக்கிறது. அந்தப் பெருமையில் எங்கள் கடற்கரைக்கு ஒரு மூட்டைப் பங்குகூட இல்லை.

கால்வாயை 1965, 66 புயல்கள் சீரழித்தன, தூர்ந்தும் போனது. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான நீர்வழியை 2008இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். அறிவிப்பை நம்பி மரக்காணத்தில் எந்த உப்பு வியாபாரியும் படகு வாங்கவில்லை. 1998இல் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. அதில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பறக்கும் கார்களுக்கு மரக்காணம் என்பது இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரியும் ஓர் இடம், அவ்வளவுதான்.

அந்த வெள்ளையில் இன்றும் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பாத்தி இருக்கிறது. தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்து தமிழ்நாட்டில் பேசப்படும் உப்பு இது. மழை விட்டதும் தை, மாசியில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். வெயில் ஏற ஏற வாரிக் குவிப்பார்கள். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் நிற்கும். மழை மாதங்களில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. “மூணு மாசத்துக்கு அது எந்த மூலைக்கு சார்?” என்று வரப்பில் நின்ற ஓர் அம்மா என்னிடம் கேட்டார். மூட்டையைத் தூக்கும் ஆணின் கூலியை வியாபாரி லாரி வாடகையோடு சேர்த்துக் கணக்கு பார்ப்பார். பாத்தியில் வாரும் பெண்ணின் கூலி அந்தக் கணக்கில் வருவதே இல்லை. காலியாகப் போகும் லாரியின் டீசல் காசையும் வியாபாரி உப்பு விலையில்தான் பிடிப்பார். அதனால் வெளியூரில் உப்பு விலை ஏறினாலும் பாத்தியில் ஏறாது. ரிட்டன் லோடு இல்லாத ஊரில் நஷ்டம் கடைசியில் இறங்குவது அந்த அம்மா தலையில்தான்.

இப்போது மறுபடி துறைமுகப் பேச்சு. கழுவேலி ஏரி கடலோடு சேரும் கழிமுகத்தில், அழகன்குப்பத்தில் மீன்பிடித் துறைமுகம் கட்ட அரசு திட்டமிட்டது. சுற்றுச்சூழல் கேள்விகளால் விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி கழுவேலி. அதில் 5,000 ஹெக்டேருக்கு மேல் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கழிமுகம் அடைத்தால் ஏரிக்கு உப்புநீர் வராது, இறாலும் நண்டும் ஏறாது, கழியை நம்பிய சிறு வலைக்காரருக்குப் பிழைப்பு இல்லை. கல்லைக் கொட்டுவதற்கு முன்னால் இதை யோசிக்கத்தான் வேண்டும்.

என் பங்குக்கு ஒன்று சொல்வேன். கடலைப் பார்த்தே திட்டம் போடுகிறவர்கள் ஒருமுறை திரும்பி நின்று திண்டிவனத்தைப் பார்க்க வேண்டும். பிடித்த மீனை வைக்க ஐஸ் எங்கே, ஏலம் விடக் கூடம் எங்கே, உப்பை மூட்டையாக விற்காமல் அரைத்துப் பாக்கெட் போட ஆலை எங்கே, அங்கே போகும் வண்டி நெல்லோ மணிலாவோ ஏற்றிப்போனால் வாங்க ஆள் எங்கே? நல்லியக்கோடன் காலத்து வண்டிக்காரனுக்கு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தெரிந்திருந்தது. நமக்கும் தெரிந்த பிறகு துறைமுகம் கட்டலாம். அதற்கு முன்னால் கட்டினால், இன்னொரு ஆலம்பரைச் சுவரைத்தான் நம் பிள்ளைகளுக்கு விட்டுவைப்போம்.